ஜட்ஜ் ரெடியா?

பால்டிமோரில் எனக்கு வேலை பார்க்க அனுமதி கிடையாது. கணவரின் ஹெச்-1பி விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்த ஹெச்-4 விசா என்னுடையது. சமைக்கலாம், நூலகத்துக்குப் போகலாம், சம்பளம் வாங்காமல் ஊருக்கு உழைக்கலாம். அந்த மூன்றாவதுதான் என்னை அந்த நகரத்துப் பள்ளிக்கூடங்களுக்குள் கொண்டுபோய் விட்டது. எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். சின்ன வயதில் பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கியிருக்கிறேன் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னதை அவர் பிடித்துக்கொண்டார். சனிக்கிழமை விவாதப் போட்டிகளுக்கு நடுவர்கள் எப்போதும் பற்றாக்குறை, வருகிறாயா என்றார். பின்னணிச் சோதனைக்கான படிவத்தை நிரப்பிக் கொடுத்து, ஒரு மாலைநேரப் பயிற்சியில் உட்கார்ந்து எழுந்ததும் நான் நடுவராகிவிட்டேன்.

எனக்குத் தெரிந்தது திருநெல்வேலிப் பேச்சுப் போட்டி. தமிழய்யா எழுதித் தருவார், நாங்கள் மனப்பாடம் செய்வோம். எங்கே குரலை உயர்த்த வேண்டும், எங்கே கையை நீட்ட வேண்டும் என்பதெல்லாம் ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கும். அவையோருக்கு வணக்கம் சொல்லி, திக்காமல் திணறாமல், மணி அடிப்பதற்குள் முடித்துவிட்டால் சில்வர் டம்ளரோ டிபன் பாக்ஸோ நிச்சயம். எனக்கு முன்னால் பேசிய பெண் என்ன சொன்னாள் என்று காதில் வாங்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. என் முறை வரும்வரை உதட்டுக்குள் என் பேச்சை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குப் பின்னால் பேச வேண்டியவளும் அதையேதான் செய்துகொண்டிருப்பாள். பட்டிமன்றத்தில் எதிரணிக்குப் பதில் உண்டு. ஆனால் அங்கேயும் கூட்டம் கடைசிவரை உட்கார்ந்திருப்பது நடுவர் என்ன பேசுவார் என்பதற்காகத்தான். குன்றக்குடி அடிகளாரையும் சாலமன் பாப்பையாவையும் கேட்கப் போனவர்களே அதிகம். தீர்ப்பு எந்தப் பக்கம் விழுந்தது என்று மறுநாள் கேட்டால் பாதிப் பேருக்கு நினைவிருக்காது.

இந்தப் பழக்கத்தோடு போனவளுக்கு முதல் சுற்றிலேயே தலை சுற்றியது. சனிக்கிழமை வெறிச்சோடிய ஒரு வகுப்பறை. தாழ்வாரத்துத் தண்ணீர்க் குழாயை மூடி வைத்திருந்தார்கள். குழாய்த் தண்ணீரில் ஈயம் இருந்ததால் 2007 முதல் அந்த நகரத்துப் பள்ளிகளில் பாட்டில் தண்ணீர்தான். இரண்டு பேர் இந்தப் பக்கம், இரண்டு பேர் அந்தப் பக்கம். அவர்களைத் தவிர அறையில் நான் ஒருத்தி மட்டுமே. கைதட்ட ஆளில்லை, மேடை இல்லை, மாலை மரியாதை இல்லை. ஒல்லியான ஒரு பையன் செல்போனில் நேரத்தை வைத்துவிட்டு, "ஜட்ஜ் ரெடியா? பார்ட்னர் ரெடியா?" என்று கேட்டான். நான் தலையாட்டியதுதான் தாமதம், மூச்சு விடாமல் படிக்க ஆரம்பித்தான்.

இதற்குப் பாலிசி டிபேட் என்று பெயர். ஒவ்வொருவருக்கும் எட்டு நிமிடம் வாதம், முடிந்த கையோடு எதிரணியின் மூன்று நிமிடக் குறுக்கு விசாரணை, பிறகு ஆளுக்கு ஐந்து நிமிட மறுப்புரை. இடையே யோசித்துக்கொள்ளக் கிடைக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு சுற்று ஒன்றரை மணி நேரத்தை நெருங்கிவிடும். நாடு முழுக்க எல்லாப் பள்ளிகளுக்கும் ஆண்டு முழுக்க ஒரே தலைப்பு. காலையில் தலைப்பை ஒட்டிப் பேசிய அணி அடுத்த சுற்றில் அதையே வெட்டிப் பேச வேண்டும். எதைச் சொன்னாலும் ஆதாரம் வேண்டும். யார், எந்த ஆண்டில், எங்கே எழுதியது என்று சொல்லிவிட்டு மேற்கோளைப் படிக்க வேண்டும். அந்த ஆதாரத் துண்டுக்குக் கார்டு என்று பெயர். தேர்ந்தவர்கள் நிமிடத்துக்கு முந்நூறு சொல்லுக்கு மேல் கொட்டுவார்கள். அந்த வேகம் எனக்குப் பிடித்ததே இல்லை, இன்றும் பிடிக்காது. ஒரு நல்ல வாதத்தைப் பொறுமையாகச் சொல்வதற்குப் பதில் ஒன்பது வாதங்களை வாரி இறைத்து, எதிராளி எதையாவது விட்டுவிடுவான் என்று காத்திருக்கும் தந்திரம் அது. பயிற்சியாளர்களிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே, "நீங்கள் இன்னும் வேகமாக எழுதப் பழகுங்கள்" என்றார்கள்.

எழுதுவது என்றால் ஃப்ளோ எழுதுவது. நீளத் தாளைக் கட்டம் கட்டமாக மடித்து, ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு பத்தி ஒதுக்கி, ஒட்டி அணிக்கு ஒரு நிறம், வெட்டி அணிக்கு வேறு நிறம் என்று இரண்டு பேனாக்களால் வாதங்களை ஒன்றன்கீழ் ஒன்றாகக் குறிக்க வேண்டும். பதில் வந்தால் அந்த வாதத்துக்கு நேராக அடுத்த பத்தியில் எழுதி அம்புக்குறி போட வேண்டும். பதிலே வராத வாதத்தை எதிரணி ஒப்புக்கொண்டதாகத்தான் கணக்கு. அந்த விஷயத்தில் நடுவருக்கு ஆயிரம் தெரிந்திருக்கலாம். அதைக் கொண்டுவந்து தீர்ப்பில் சேர்க்கக் கூடாது. தாளில் இருப்பதை வைத்துத்தான் முடிவு. சுற்று முடிந்ததும் யார் ஜெயித்தார்கள், எந்த வாதத்தால் ஜெயித்தார்கள் என்று அந்த நால்வருக்கும் முகத்துக்கு நேரே விளக்க வேண்டும். அவர்கள் கேள்வி கேட்பார்கள். "என் இரண்டாவது பதிலை நீங்கள் எழுதவில்லையா?" என்று தாளை எட்டிப் பார்ப்பார்கள்.

இந்த எட்டிப் பார்த்தலை நான் வெகுநாள் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன். போகப்போகத்தான் அதில் இருந்த ஆவல் பிடிபட்டது. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். ஜன்னல்களுக்குப் பலகை அடித்து மூடிய வீடுகள் வரிசையாக நிற்கும் தெருக்களிலிருந்து இரண்டு பேருந்து மாறி வருபவர்கள். பள்ளி வாசலில் உலோகச் சோதனை, கடையில் பின்னாலேயே வரும் காவலாளி, தெருமுனையில் நிற்கும் போலீஸ் வண்டி என்று அவர்கள்மேல் பெரியவர்களின் கண் எப்போதும் உண்டு. காது கிடைப்பதுதான் அபூர்வம். இங்கே முன்பின் தெரியாத ஒரு பெரிய மனுஷி, வேற்று நாட்டுக்காரி, அவர்கள் சொல்வதை வரிக்கு வரி எழுதிக்கொள்கிறாள். எழுதியதற்குக் கட்டுப்பட்டுத் தீர்ப்புச் சொல்கிறாள். சொன்ன தீர்ப்புக்குக் காரணம் கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறாள். விவாதத்தால் பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை வரும், மேடைக்கூச்சம் போகும் என்றெல்லாம் துண்டுப் பிரசுரங்களில் போடுவார்கள். அதெல்லாம் சரிதான். எங்கள் தமிழய்யா எழுதித் தந்த பேச்சும் எனக்கு அதைச் செய்தது. அந்த வகுப்பறைகளில் நடந்தது வேறு. என்னை யாரும் அப்படிக் கேட்டதுமில்லை, நான் யாருக்கும் அப்படிப் பதில் சொன்னதுமில்லை.

நகரத்துப் பள்ளிகளுக்கு இந்தப் போட்டிகளை நடத்தும் விவாதக் கூட்டமைப்புகளின் கதை அட்லாண்டாவில் ஆரம்பிக்கிறது. 1985இல் எமரி பல்கலைக்கழகத்தின் விவாத இயக்குநர் மெலிசா மேக்ஸி வேட், தனியார் பள்ளிகளும் வசதியான புறநகர்ப் பள்ளிகளும் மட்டும் ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தை நகரத்துப் பொதுப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார். தொண்ணூறுகளின் கடைசியில் ஜார்ஜ் சோரஸின் ஓப்பன் சொசைட்டி அமைப்பு பணம் போட்டதும் சிகாகோ, நியூயார்க் என்று பரவியது. பால்டிமோருக்கு 1999இல் வந்தது. பணக்காரப் பள்ளிகளில் துணைப் பயிற்சியாளர்கள் இருப்பார்கள், பிள்ளைகள் கோடை முகாமுக்கு ஆயிரக்கணக்கான டாலர் கட்டிப் போவார்கள். அந்த இடைவெளியைக் கொஞ்சமாவது குறைக்க, புதியவர்களுக்கு ஆதாரக் கட்டை அமைப்பே தயாரித்துக் கொடுத்துவிடும். முதலாண்டில் எல்லோரும் அதே கட்டுக்குள்ளிருந்துதான் வாதிட வேண்டும். இது எனக்கு நியாயமாகப் பட்டது.

நான் சேர்ந்த காலத்தில் தலைப்பு கடல். அமெரிக்க அரசு கடலாய்வை அதிகரிக்க வேண்டுமா என்பது. துறைமுக நகரத்தில் இருந்துகொண்டு கடலோரத்துக்கே போயிராத பிள்ளைகள் திமிங்கிலங்களைப் பற்றியும் மீத்தேன் படிவுகளைப் பற்றியும் சண்டை போட்டார்கள். அதற்கு அடுத்த ஆண்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

2015 ஏப்ரலில் போலீஸ் பிடித்துக்கொண்டுபோன ஃபிரெடி கிரே என்ற இளைஞர், வண்டியில் ஏற்பட்ட கழுத்துக் காயத்தால் ஒரு வாரத்தில் இறந்துபோனார். நகரம் பற்றி எரிந்தது. தேசியக் காவல் படை இறங்கியது, இரவு பத்து மணிக்கு ஊரடங்கு. தொலைக்காட்சியில் பார்த்த அம்மா திருநெல்வேலியிலிருந்து தினமும் போன் செய்து, "ஏட்டி, வெளிய போயிராத" என்றாள். அந்த செப்டம்பரில் விவாதப் பருவம் தொடங்கியபோது நாடு முழுமைக்கும் வந்த தலைப்பு: அமெரிக்க மத்திய அரசு உள்நாட்டுக் கண்காணிப்பைக் கணிசமாகக் குறைக்க வேண்டும். அரசின் ஒட்டுக்கேட்பைப் பற்றி ஸ்னோடன் வெளியிட்ட ரகசியங்களை மனத்தில் வைத்து யாரோ தேர்ந்தெடுத்தது. பால்டிமோர்ப் பிள்ளைகளுக்கு ஸ்னோடன் தேவைப்படவில்லை. அவர்கள் தெருமுனைக் கம்பங்களில் இரவெல்லாம் நீல விளக்கு மினுக்கும் போலீஸ் கேமராக்கள் பத்து வருடங்களாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

அந்தப் பருவத்தில் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் சுற்றுகள் என் பங்குக்கு அடிக்கடி வந்தன. பின்னலில் ஊதா நிற நூல் சேர்த்திருப்பாள், பேனாவை மூடவே மாட்டாள். ஒரு சுற்றில் அவள் வெட்டி அணி. கேமராக்களால் பால்டிமோரின் மையப்பகுதியில் குற்றம் குறைந்தது என்ற அர்பன் இன்ஸ்டிடியூட்டின் 2011 ஆய்வை எடுத்துப் படித்தாள். குறுக்கு விசாரணையில் எதிரணிப் பையன் கேட்டான்: "நீயும் இந்த ஊர்க்காரிதானே? உன் தெருமுனைக் கேமரா உன்னைக் காப்பாற்றுகிறது என்று நீ நிஜமாகவே நம்புகிறாயா?"

அவள் ஒரு கணம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "நான் எதை நம்புகிறேன் என்று ஜட்ஜ் எழுதிக்கொள்ள மாட்டார். கார்டைப் பற்றிக் கேள்."

அந்தச் சுற்றில் அவள் அணி தோற்றது. மையப்பகுதிக் கணக்கு மற்ற வட்டாரங்களுக்குப் பொருந்தாது என்ற பதிலை அவளுடைய ஜோடி கடைசிப் பேச்சில் தொடவே இல்லை. நான் காரணத்தைச் சொன்னேன். அவள் தாளை எட்டிப் பார்த்து, சரிதான் என்று ஒப்புக்கொண்டாள். மதியம் உணவுக்கூடத்தில் ஆறிப்போன பீட்சாவோடு என் எதிரே வந்து உட்கார்ந்தவள், தானாகவே சொன்னாள். சித்தி மகனை அந்தக் கோடையில்தான் சுட்டுக் கொன்றிருந்தார்கள். நீல விளக்குக்குச் சற்றுத் தள்ளித்தான். கேமரா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததாம். அந்த ஆண்டிலிருந்து தொடர்ந்து பல வருடம் பால்டிமோரில் கொலைகள் ஆண்டுக்கு முந்நூறைத் தாண்டின. அதில் ஒருவன் அவன். "அதனால் எனக்கு ரெண்டு பக்கமும் பேச வரும்" என்றாள். அவள் குரலில் வருத்தம் இல்லை. அடுத்த சுற்றில் ஒட்டி அணி. அதற்கான காகிதங்களைப் பீட்சா எண்ணெய் படாமல் ஒரு பக்கமாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகளைத் தாங்கள் நம்பாத பக்கத்தைப் பேச வைப்பது போலித்தனத்தைப் பழக்குவது என்று சொல்பவர்கள் உண்டு. எங்கள் வீட்டு இரவுச் சாப்பாட்டிலேயே அந்தச் சண்டை நடந்திருக்கிறது. கணவருக்கு அது வக்கீல் வேலை. எனக்கும் சில நாட்கள் அப்படித் தோன்றியதுண்டு, வசதியான பள்ளிப் பிள்ளைகளைப் பார்க்கும்போது முக்கியமாக. அவர்களுக்கு இரண்டு பக்கமும் ஒரே எடைதான், ஏனென்றால் எந்தப் பக்கமும் வீட்டுக்கு வராது. இந்தப் பெண்ணுக்கு இரண்டு பக்கமும் வீட்டுக்குள் இருந்தன. எது தன் கருத்து என்று அவள் முடிவு செய்திருக்கவில்லை, முடிவு செய்யச் சொல்லி யாரும் அவளை அவசரப்படுத்தவும் இல்லை. ஒரு துக்கத்தை வைத்துக்கொண்டு யோசிக்க அவளுக்கு ஒரு பருவம் முழுக்க அவகாசம் கிடைத்தது.

இன்னொரு அணி ஸ்டிங்ரே கருவியைக் கையில் எடுத்தது. செல்போன் கோபுரம்போல நடித்து, அந்த வட்டாரத்திலுள்ள போன்களையெல்லாம் தன்னிடம் பேச வைக்கும் பெட்டி அது. 2015 ஏப்ரலில் நீதிமன்றச் சாட்சியத்தில் பால்டிமோர்த் துப்பறிவாளர் ஒருவர், 2007 முதல் தங்கள் துறை அதைச் சுமார் 4,300 முறை பயன்படுத்தியதாகச் சொல்லியிருந்தார். எதிரணி அலட்டிக்கொள்ளாமல் எழுந்து, "தலைப்பு மத்திய அரசைப் பற்றியது. இது நகரப் போலீஸ். தலைப்புக்கு வெளியே" என்றது. இந்த ஆட்டத்தில் இது பலமான அடி, சுற்றே இதில் போய்விடலாம். அப்போது பதினான்கு வயதுப் பையன் ஒருவன், குரல் உடைந்துகொண்டிருந்த பருவம், எழுந்து சொன்னான்: கருவியைப் பற்றி நீதிமன்றத்தில்கூட வாய் திறக்கக் கூடாது என்று நகரப் போலீஸிடம் 2011இல் கையெழுத்து வாங்கியது எஃப்.பி.ஐ.; ரகசியம் மத்திய அரசுடையது என்றால் கண்காணிப்பும் அதனுடையதுதான். நான் வெட்டி அணிக்கான நிறத்தில் தவறிப்போய் எழுதிவிடாமல் பார்த்துப் பார்த்து எழுதினேன். நான் குடியிருந்த ஊரைப் பற்றி எனக்குச் சொல்லித் தந்தவை அந்தத் தாள்கள். உள்ளூர்ச் செய்தித்தாளை ஒழுங்காகப் படிக்கத் தொடங்கியதும் அதற்குப் பிறகுதான்.

பருவம் முடிந்து, அடுத்த ஆண்டின் தலைப்புக்குச் சீனா என்று அறிவிப்பும் வந்து, பழைய காகிதங்களைக் கட்டி வைத்த பின், 2016 ஆகஸ்டில் ப்ளூம்பெர்க் பிசினஸ்வீக்கில் ஒரு கட்டுரை வந்தது. அந்த ஜனவரியிலிருந்து ஒரு சிறிய செஸ்னா விமானம் பால்டிமோருக்கு மேலே மணிக்கணக்கில் வட்டமிட்டு, நகரத்தின் பரந்த பகுதியை ஒரே நேரத்தில் படம்பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. டெக்சாஸைச் சேர்ந்த கொடையாளர்களின் பணம். ஊர் மக்களுக்கு யாரும் சொல்லவில்லை. கண்காணிப்பைக் குறைக்க வேண்டுமா கூடாதா என்று நாங்கள் வகுப்பறைகளில் மல்லுக்கட்டிய சனிக்கிழமைகளில் எத்தனை நாள் அது தலைக்கு மேலே பறந்ததோ. கீழ்த்தளத்து ஆசிரியை பத்திரிகையை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இதைக் கொண்டுவந்திருந்தாலும் தலைப்புக்கு வெளியேதான். மத்திய அரசு இல்லையே."

விவாதக் கூட்டமைப்புகளுக்கு ஆண்டுதோறும் யாரிடமாவது கையேந்த வேண்டியிருக்கும், கொடுப்பவர்கள் எண்களைக் கேட்பார்கள். எண்கள் இருக்கின்றன. சிகாகோ விவாதக் கூட்டமைப்பின் கறுப்பின மாணவர்களைப் பற்றி பிரியானா மெசுக் 2009இல் வெளியிட்ட ஆய்வு, விவாதத்துக்கு வந்தவர்கள் பள்ளிப் படிப்பை முடிக்கும் வாய்ப்பு கூடுதல் என்றது. சூட்டிகையான பிள்ளைகள்தானே சனிக்கிழமை எழுந்து வருவார்கள், இதில் விவாதத்தின் பங்கு என்ன என்று அப்போதே எனக்குச் சந்தேகம். பின்னர் பாஸ்டனில் பெத் ஷூலரும் கேத்தரின் லார்னெட்டும் அதே பிள்ளைகளின் முந்தைய மதிப்பெண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆங்கில வாசிப்புத் தேர்வில் ஒன்பதாம் வகுப்பின் ஓராண்டுப் படிப்பில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சமமான முன்னேற்றம், அதிலும் பின்தங்கிய மாணவர்களுக்கே அதிகம், கணக்கில் மாற்றமில்லை. கணக்கில் மாற்றமில்லை என்ற அந்த வரிதான் என்னை நம்ப வைத்தது. எல்லாவற்றுக்கும் மருந்து என்று சொல்லும் ஆய்வை நான் நம்பியிருக்க மாட்டேன்.

நாங்கள் ஊர் திரும்பிய பிறகும் பால்டிமோர்ச் செய்திகளை விடாமல் படித்துவந்தேன். விமானம் மறுபடி வந்தது, இந்த முறை வெளிப்படையாக, 2020 மே மாதம். பறக்கும் முன்பே அதை எதிர்த்து வழக்குப் போட்ட உள்ளூர் அமைப்பின் பெயர் லீடர்ஸ் ஆஃப் எ பியூட்டிஃபுல் ஸ்ட்ரகிள். அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் டேவான் லவ். பால்டிமோர் நகரப் பள்ளியில் விவாதம் பழகி, டவ்சன் பல்கலைக்கழகத்துக்குப் போய், 2008இல் டெவன் கூப்பரோடு சேர்ந்து கல்லூரி விவாதத்தின் தேசியப் பட்டங்களில் ஒன்றை வென்றவர். இருவருமே கறுப்பினத்தவராக அமைந்த அணி அதை வென்றது அதுவே முதல் முறை. கீழ் நீதிமன்றம் தடை தர மறுத்தது. மேல்முறையீட்டில் 2021 ஜூனில் பதினைந்து நீதிபதிகள் எட்டுக்கு ஏழு என்று பிரிந்து, அந்தக் கண்காணிப்பு அரசியல் சாசனத்துக்கு ஒவ்வாதது என்றார்கள். அதற்குள் நகர நிர்வாகமே திட்டத்தைக் கைவிட்டிருந்தது.

தீர்ப்பு வந்த வாரத்தில் ஊதா நூல் பெண்ணிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அப்போது அவள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். ஜெயித்தோம் என்று எழுதுவாள் என்று திறந்தேன். முதல் வரி: "எதிர்த் தீர்ப்பைத்தான் முதலில் படித்தேன்." நீதிபதி வில்கின்சன் எழுதியது அது. கொலைகளால் குலைந்துபோன ஒரு நகரம் தன்னைக் காத்துக்கொள்ளத் தேடும் வழியை நீதிமன்றம் அடைக்கலாமா என்று கேட்பது. அவருடைய வாதங்களுக்கு எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே தன் பதிலை எழுதியிருந்தாள். படங்களைச் சேர்த்து வைத்தால் ஒருவருடைய நடமாட்டமெல்லாம் தெரிந்துவிடும் என்பதற்கு மூன்று வரி. பழைய வழக்குகளுக்கு இரண்டு வரி. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே ஒப்புக்கொண்டார்களே என்பதற்கு ஒரு நீண்ட பத்தி, நன்றாகவே எழுதியிருந்தாள். செத்துப்போனவர்களின் குடும்பங்களுக்கு என்ன சொல்வது என்ற வாதத்துக்கு எதிரே மட்டும், "இதற்கு இன்னும் என்னிடம் கார்டு இல்லை. உங்களுக்கு ஏதாவது கண்ணில் பட்டால் அனுப்புங்கள்" என்று இருந்தது. நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.